நின்றுபோன மேப்பும் அமைதியான பூமியும்

ஒரு நாள் இரவு ஓர் உலக மேப்பை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நிலநடுக்கங்களைக் காட்டும் மேப். பைத்தானில் நானே எழுதியது. உலகில் எங்காவது நிலம் அதிர்ந்தால் அந்த இடத்தில் ஒரு வட்டம் தோன்ற வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு வட்டம்கூடப் புதிதாக வரவில்லை. இன்று பூமி அமைதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் ஏதோ உறுத்தியது. தரவு வரும் முகவரியை பிரவுசரில் திறந்து பார்த்தேன். 15-க்கும் மேற்பட்ட புதிய நிலநடுக்கங்கள் அதில் வரிசையாக இருந்தன.

என் நிரல்தான் நின்றுபோயிருந்தது. ஆனால் விண்டோ திறந்திருந்தது. இழுத்தால் நகர்ந்தது, பெரிதாக்கினால் பெரிதானது. நின்றுவிட்டதற்கான அறிகுறி எதுவும் திரையில் இல்லை.

சாதாரண நிரல் பழுதானால் பெரும்பாலும் தெரிந்துவிடும். பிழைச்செய்தி வரும், நிரல் விழுந்துவிடும். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் படங்களில் அப்படி நடப்பது குறைவு. படம் சத்தமில்லாமல் நிற்கும். இல்லையென்றால் ஓடிக்கொண்டே தப்பான விஷயத்தைக் காட்டும். இரண்டாவது இன்னும் மோசம். அந்த இரவுக்குப் பிறகு இந்தப் பழுதுகளைத் தேடிப் பிடிக்க எனக்கென்று ஒரு முறையை வைத்துக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு சொல் விளக்கம் முதலில். தமிழில் ‘வரைபடம்’ என்றால் கிராஃபும் அதுதான், மேப்பும் அதுதான். இந்தக் கட்டுரையில் இரண்டும் மாறி மாறி வருவதால் பிளாட், மேப் என்றே எழுதிவிடுகிறேன்.

பைத்தானில் படம் வரைகிற பெரும்பாலோர் மேட்பிளாட்லிப் என்ற நூலகத்தைத்தான் கையில் எடுப்பார்கள். ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர் மூளையின் மின்சமிக்ஞைகளைப் பார்ப்பதற்காகத் தொடங்கிய வேலை அது, 2003-இல் வெளிவந்தது. சமிக்ஞையைப் பார்க்கப் பிறந்த கருவி என்பதால், நகரும் தரவை அதில் காட்ட நினைப்பது பொருந்தாத ஆசை இல்லை. ஆனால் அது படத்தை எப்படித் திரைக்குக் கொண்டுவருகிறது என்பது தெரியாமல் லூப் எழுதினால் கட்டாயம் மாட்டிக்கொள்வோம்.

மூன்று இடங்கள் இருக்கின்றன. முதலாவது, தரவு: நம் லிஸ்ட்டில், அரேயில் இருக்கும் எண்கள். இரண்டாவது, மேட்பிளாட்லிப் ‘ஆர்ட்டிஸ்ட்’ என்று அழைக்கும் பொருள்: கோடு, புள்ளிக்கூட்டம், எழுத்து. இது எண்களின் ஒரு நகலைத் தனக்குள் வைத்துக்கொள்ளும். மூன்றாவது, திரையில் கண்ணுக்குத் தெரியும் பிக்சல்கள். தரவை மாற்றினால் ஆர்ட்டிஸ்ட் தானாக மாறாது. ஆர்ட்டிஸ்டை மாற்றினால் பிக்சல் உடனே மாறிவிடும் என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு படியையும் யாராவது தள்ளிவிட வேண்டும். ‘படம் அப்டேட் ஆகவில்லை’ என்ற ஒரே புகாருக்குள் மூன்று வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. எந்த இடத்தில் அறுந்தது என்று தெரியாமல் மருந்து தேடினால், இங்கொரு ‘டிரா’, அங்கொரு ‘பாஸ்’ என்று சேர்த்துச் சேர்த்து நிரல் குப்பையாகிவிடும். நானும் பல நாள் அதைத்தான் செய்தேன்.

எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. அப்டேட் செய்யும் ஃபங்ஷனுக்குள், பத்து சுற்றுக்கு ஒரு முறை ‘சேவ்ஃபிக்’ கொண்டு படத்தை ஒரு கோப்பில் எழுதச் சொல்லுங்கள். திரையில் படம் நின்றிருக்கும்போது அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். கோப்பில் புதிய படம் இருந்தால் தரவும் சரி, ஆர்ட்டிஸ்டும் சரி. திரைக்கு வரும் கடைசிப் படியில்தான் கோளாறு. கோப்பிலும் பழைய படமே இருந்தால், ஆர்ட்டிஸ்டிடமே கேளுங்கள்: கோடாக இருந்தால் ‘கெட் டேட்டா’, புள்ளிக்கூட்டமாக இருந்தால் ‘கெட் ஆஃப்செட்ஸ்’. அது கொடுக்கும் எண்கள் பழையவை என்றால் கோளாறு இன்னும் பின்னால், தரவு வரும் வழியில் இருக்கிறது. கோப்பே எழுதப்படவில்லை என்றால் அப்டேட் ஃபங்ஷன் ஓடவே இல்லை. ஐந்து நிமிட வேலை. எனக்கு இது மிச்சப்படுத்திக் கொடுத்த நேரம் கொஞ்சமில்லை.

திரையில் அறுவதுதான் ஆரம்பத்தில் எல்லாருக்கும் நடக்கும். ‘ஷோ’ என்று அழைத்தால் நிரல் அந்த வரியிலேயே நின்றுவிடும்; விண்டோவை மூடினால்தான் அடுத்த வரிக்குப் போகும். சரி என்று ‘அயான்’ போட்டு ஊடாட்ட முறைக்கு மாற்றி, ஒரு லூப் எழுதி, ஒவ்வொரு சுற்றிலும் புள்ளிகளை மாற்றி, நடுவில் ஒரு விநாடி ‘ஸ்லீப்’ போடுவோம். விண்டோ வெள்ளையாக வரும், அல்லது முதல் படத்தோடு உறைந்துவிடும். கொஞ்ச நேரத்தில் இயங்குதளம் ‘பதில் இல்லை’ என்று சொல்லும்.

காரணம், விண்டோ என்பது தனக்கென ஒரு ஈவென்ட் லூப்பில் வாழும் பொருள். மவுஸ் அசைந்தது, அளவு மாறியது, படத்தை மறுபடி வரை என்று வரும் செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்து முடிப்பது அந்த லூப்தான். ‘ஸ்லீப்’ முழு நிரலையும் தூங்கவைக்கிறது; அந்த நேரத்தில் செய்திகளை எடுக்க ஆளில்லை. மேட்பிளாட்லிப்பின் ‘பாஸ்’ அப்படியில்லை. அதுவும் காத்திருக்கும், ஆனால் காத்திருக்கும் நேரம் முழுக்க ஈவென்ட் லூப்பை ஓடவிடும். அதனால்தான் ‘ஸ்லீப்’பை எடுத்துவிட்டு ‘பாஸ்’ போட்டதும் படம் உயிர்பெறுகிறது. இன்னும் நுணுக்கமாக வேண்டுமென்றால், ‘டிரா ஐடில்’ என்று சொல்லிவிட்டு ‘ஃப்ளஷ் ஈவென்ட்ஸ்’ அழைக்கலாம். முன்னது, நேரம் கிடைக்கும்போது வரை என்ற வேண்டுகோள். பின்னது, காத்திருக்கும் வேலைகளை இப்போதே முடி என்ற உத்தரவு.

‘பாஸ்’ பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் விண்டோ முன்னால் குதித்து வந்து, நாம் எடிட்டரில் தட்டிக்கொண்டிருக்கும்போது கர்சரைப் பிடுங்கிக்கொள்ளும். 3.3 பதிப்பிலிருந்து இதற்கு ‘ஃபிகர்.ரைஸ்_விண்டோ’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை ‘ஃபால்ஸ்’ ஆக்கிவிட்டால் போதும்.

விண்டோவே வராமல் நிரல் முடிந்துபோனால், படத்தை வெளியே கொடுக்கும் பகுதி எது என்று முதலில் ‘கெட் பேக்எண்ட்’ கேட்டுப் பாருங்கள். பதில் வெறும் ‘ஆக்’ என்றால், படத்தைக் கோப்பில் எழுதத் தெரியும், திரையில் காட்டத் தெரியாது என்று பொருள். விண்டோ உருவாக்கும் நூலகம் எதுவும் கிடைக்காதபோது மேட்பிளாட்லிப் தானாகவே அதற்கு இறங்கிவிடும். திரையில்லாத சர்வரில் இது சாதாரணம். ‘டிகேஆக்’ அல்லது ‘க்யூட்டிஆக்’ என்று வந்தால்தான் விண்டோ உண்டு. ஜூபிட்டர் நோட்புக்கிலும் இதே கதைதான். வழக்கமான ‘இன்லைன்’ முறை ஒவ்வொரு செல்லின் முடிவிலும் ஒரு நிலையான படத்தை ஒட்டிவிட்டுப் போய்விடும். அதை எவ்வளவு உலுக்கினாலும் அசையாது. ‘ஐபிஒய்எம்பிஎல்’ நிறுவி ‘விட்ஜெட்’ முறைக்கு மாறினால்தான் நோட்புக்குக்குள் உயிருள்ள படம் கிடைக்கும்.

அடுத்தது ஆர்ட்டிஸ்ட். இங்கே நடக்கும் பொதுவான தவறு, ஒவ்வொரு சுற்றிலும் ‘பிளாட்’ அல்லது ‘ஸ்கேட்டர்’ அழைப்பது. பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு அழைப்பும் ஒரு புதிய ஆர்ட்டிஸ்டைச் சேர்க்கிறது. பழையது அடியிலேயே கிடக்கிறது. விநாடிக்கு ஒன்று என்றால் ஒரு மணி நேரத்தில் 3,600 அடுக்கு. எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் மறுபடி வரைய வேண்டும். காலையில் வேகமாக ஓடிய படம் மதியம் தவழுவது இதனால்தான். சந்தேகம் வந்தால் ஆக்ஸஸின் ‘லைன்ஸ்’, ‘கலெக்‌ஷன்ஸ்’ இரண்டின் நீளத்தையும் அச்சிட்டுப் பாருங்கள். அந்த எண் ஏறிக்கொண்டே போனால் விஷயம் அதுதான். ஒவ்வொரு சுற்றிலும் கலர்பார் (எந்த நிறம் எந்த எண் என்று காட்டும் பட்டை) சேர்ப்பது இதன் இன்னொரு வடிவம். மேப் சுருங்கிச் சுருங்கி ஓர் ஓரத்துக்குப் போய்விடும், கலர்பார்கள் பக்கத்தில் வரிசை கட்டி நிற்கும்.

சரியான வழி, ஆர்ட்டிஸ்டை ஒரு முறை மட்டும் உருவாக்கிவிட்டு அதன் உள்ளடக்கத்தை மாற்றுவது. கோட்டுக்கு ‘செட் டேட்டா’, புள்ளிகளுக்கு ‘செட் ஆஃப்செட்ஸ்’, நிறத்துக்கு ‘செட் அரே’. இதற்கு மாறியதும் புதிதாக ஒரு குழப்பம் வரும்: கோடு படத்தை விட்டு வெளியே ஓடிவிடும். ‘பிளாட்’ அழைத்தால் அச்சின் எல்லை தானாக விரியும். ‘செட் டேட்டா’ அதைத் தொடுவதில்லை. ‘ரீலிம்’, ‘ஆட்டோஸ்கேல் வியூ’ இரண்டையும் நாமே அழைக்க வேண்டும். நேரத்தோடு நகரும் கோட்டுக்கு நான் இதைக்கூடச் செய்வதில்லை. கடைசி 10 நிமிடம் மட்டும் தெரிகிற மாதிரி எக்ஸ் அச்சின் எல்லையை நானே நகர்த்துகிறேன். தரவை ‘மேக்ஸ்லென்’ என்று நீளத்துக்கு வரம்பு வைத்த ‘டெக்’ என்ற பட்டியலில் வைக்கிறேன். பழையது தானாக உதிர்ந்துவிடும், மெமரியும் வளராது.

அப்டேட் ஃபங்ஷனைத் தானே திரும்பத் திரும்ப அழைக்கும் ‘ஃபங்க்அனிமேஷன்’ பயன்படுத்தினால் லூப் எழுத வேண்டாம். ஆனால் அதை ஒரு மாறியில் பிடித்து வைத்துக்கொள்ளாவிட்டால், பைத்தான் அதைத் தேவையற்ற பொருள் என்று துடைத்துவிடும். முதல் படம் வரும், அதோடு நிற்கும். ஒரு ஃபங்ஷனுக்குள் உருவாக்கிவிட்டு வெளியே திருப்பி அனுப்பாமல் விட்டாலும் இதே கதிதான். பிழை ஒரே ஒரு மாறியில் இருக்கும், நாம் முழு நிரலையும் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருப்போம்.

கட்டம் கட்டமாக நிறம் தீட்டும் மேப்புகளில் இன்னொன்று கவனிக்க வேண்டும். முதல் படத்தின் எண்களை வைத்தே ‘இம்ஷோ’ நிற எல்லையைத் தீர்மானித்துவிடும். தரவு இன்னும் வரவில்லையே என்று முதல் படத்துக்கு எல்லாம் பூஜ்யமாகக் கொடுத்துத் தொடங்கினால், பின்னால் எந்த எண் வந்தாலும் படம் ஒரே நிறமாகவோ இரண்டே நிறமாகவோதான் தெரியும். எண்கள் மாறியிருக்கும், நிறம் மட்டும் மாறாது. ‘செட் கிளிம்’ கொண்டு எல்லையை முதலிலேயே கொடுத்துவிடுங்கள். தானாக மாறும் எல்லையை நான் விரும்புவதில்லை. நிமிடத்துக்கு நிமிடம் சிவப்பின் பொருள் மாறிக்கொண்டிருந்தால், பார்க்கிறவர் எதை நம்புவார்? மட்டக்கோடுகளுக்கு இடையே நிறம் தீட்டும் ‘கான்டூர்எஃப்’ வேறு ரகம்; அதற்கு ‘செட் டேட்டா’ கிடையாது, பழையதை அகற்றிவிட்டுப் புதிதாகத்தான் வரைய வேண்டும். 3.8 பதிப்பிலிருந்து அது முழுவதும் ஒரே ஆர்ட்டிஸ்ட் ஆகிவிட்டதால் ஒரு ‘ரிமூவ்’ போதும். அதற்கு முன் எழுதிய நிரல்கள் உள்ளே உள்ள ஒவ்வொரு அடுக்கையும் லூப் போட்டு அகற்றும். புதிய பதிப்பில் அது உடைகிறது என்றால் காரணம் இதுதான்.

இனி மேப்புக்கு வருகிறேன். நான் பயன்படுத்துவது கார்டோபை, மேட்பிளாட்லிப்பின்மேல் மேப் வரையும் நூலகம். தரவு, அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் யாருக்கும் இலவசமாகக் கொடுக்கும் நிலநடுக்கப் பட்டியல். ஜியோஜேசான் வடிவில், நிமிடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது.

முதல் நாள் எல்லா நிலநடுக்கமும் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, கினி வளைகுடாவில் ஒரே புள்ளியில் குவிந்து நின்றன. அந்த இடத்தில் அட்சரேகை பூஜ்யம், தீர்க்கரேகையும் பூஜ்யம். மேப் வேலை செய்கிறவர்கள் அதை ‘நல் ஐலேண்ட்’ என்பார்கள். அங்கே தீவு எதுவும் கிடையாது; ஒரு வானிலை மிதவை மட்டும் கடலில் நிறுத்தப்பட்டிருந்தது. புள்ளிகள் அங்கே போய்ச் சேர்ந்ததன் காரணம் எளிது. நான் ராபின்சன் புரொஜெக்‌ஷனில் மேப் வரைந்திருந்தேன். புரொஜெக்‌ஷன் என்பது உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கும் முறை. ராபின்சனின் அச்சுகள் மீட்டரில் அளக்கப்படுபவை. என் எண்களோ டிகிரியில். எண்கள் எந்த அளவையில் இருக்கின்றன என்று சொல்லும் ‘டிரான்ஸ்ஃபார்ம்’ கொடுக்க மறந்திருந்தேன். எனவே 140 டிகிரி கிழக்கு என்று நான் கொடுத்ததை, மையத்திலிருந்து 140 மீட்டர் கிழக்கு என்று கார்டோபை எடுத்துக்கொண்டது. உலக மேப்பில் 140 மீட்டர் எந்த மூலைக்கு? எல்லாப் புள்ளியும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்துவிட்டது.

இந்தப் பிழை ஒளிந்துகொள்ளும் இடம்தான் விஷமம். ‘பிளேட் காரே’ என்ற எளிய புரொஜெக்‌ஷனில் அச்சே டிகிரிதான். அங்கே ‘டிரான்ஸ்ஃபார்ம்’ கொடுக்காவிட்டாலும் எல்லாம் சரியாக வரும். மாதக்கணக்கில் ஓடும். ஒரு நாள் அழகுக்காகப் புரொஜெக்‌ஷனை மாற்றுவோம், அன்றைக்கு உடையும். அதனால் எந்தப் புரொஜெக்‌ஷன் என்றாலும் ‘டிரான்ஸ்ஃபார்ம்’ எழுதிவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

இதன் அடுத்த வடிவத்திலும் விழுந்தேன். நிலநடுக்கங்களில் பெரும்பகுதி பசிபிக் விளிம்பில் நடப்பவை. வழக்கமான உலக மேப் பசிபிக்கை நடுவில் வெட்டி இரண்டு ஓரத்திலும் வைத்துவிடுகிறது. ஃபிஜி வலது ஓரத்திலும், பக்கத்துத் தீவுக்கூட்டமான டோங்கா இடது ஓரத்திலும் கிடக்கும். எனவே மேப்பை ‘பிளேட் காரே’வுக்கு மாற்றி, அதன் மைய தீர்க்கரேகையை 180 ஆக்கினேன். பசிபிக் நடுவில் வந்தது. கடற்கரைகள் சரியாக நின்றன. ஆனால் நிலநடுக்கங்கள் எல்லாம் அரை உலகம் தள்ளிப்போயின. ஜப்பானில் வரவேண்டியவை அட்லாண்டிக்கில் வந்தன. மேப்புக்கு உருவாக்கிய அதே புரொஜெக்‌ஷன் பொருளையே ‘டிரான்ஸ்ஃபார்ம்’ ஆகவும் கொடுத்திருந்தேன். மேப் எப்படித் தெரிய வேண்டும் என்பது ஒரு கேள்வி. என் எண்கள் எந்த அளவையில் இருக்கின்றன என்பது இன்னொரு கேள்வி. தரவின் தீர்க்கரேகை கிரீனிச்சிலிருந்து அளக்கப்பட்டது, எனவே ‘டிரான்ஸ்ஃபார்ம்’ மையம் மாற்றாத வெறும் ‘பிளேட் காரே’யாகவே இருக்க வேண்டும். மேப்பை எப்படித் திருப்பினாலும் அது மாறாது.

செயற்கைக்கோள் பாதை போன்ற கோடுகளை வரைகிறவர்களுக்கு 180-வது தீர்க்கரேகை வேறு வகையில் தொல்லை தரும். 179-லிருந்து மைனஸ் 179-க்குப் போகும் இரண்டு புள்ளிகள் உண்மையில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. கோடோ மேப்பின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை குறுக்கே கிழித்துக்கொண்டு போகும். அடுத்தடுத்த தீர்க்கரேகைகளின் வித்தியாசம் 180-ஐத் தாண்டும் இடத்தில் ‘எண் அல்ல’ என்று பொருள்படும் ஒரு ‘நான்’ (NaN) மதிப்பைச் செருகினால் கோடு அங்கே அறுந்து நிற்கும். ‘ஜியோடெடிக்’ டிரான்ஸ்ஃபார்ம் கொடுத்தும் சமாளிக்கலாம்.

வேகம் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேப் மந்தமாக ஓடினால் குற்றவாளி பெரும்பாலும் புள்ளிகள் இல்லை, கடற்கரைகள்தான். கார்டோபை நேச்சுரல் எர்த் என்ற இலவச மேப் தரவிலிருந்து கடற்கரையை எடுக்கிறது. 110எம், 50எம், 10எம் என்று மூன்று அளவு உண்டு. 10எம் என்பதை 10 மீட்டர் துல்லியம் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒன்றுக்கு ஒரு கோடி என்ற அளவை. 110எம் என்பது ஒன்றுக்கு 11 கோடி. உலகம் முழுதும் தெரியும் மேப்புக்கு 110எம் தாராளம். முதல் முறை பயன்படுத்தும்போது கார்டோபை இந்தக் கோப்புகளை இணையத்திலிருந்து இறக்கும். அது நடப்பது கடற்கரையைக் கேட்கும் வரியில் இல்லை, படம் வரையப்படும் நேரத்தில். இணையம் இல்லாத கணினியில் பிழைச்செய்தி சம்பந்தமே இல்லாத வரியைக் காட்டுவது அதனால்தான்.

புள்ளிகள் மட்டும்தானே மாறுகின்றன, கடற்கரையை ஏன் ஒவ்வொரு முறையும் வரைய வேண்டும் என்ற கேள்விக்கு விடை ‘பிளிட்’. பின்னணியை ஒரு முறை வரைந்து படமாக வைத்துக்கொண்டு, அதன்மேல் புள்ளிகளை மட்டும் வரைவது. ‘ஃபங்க்அனிமேஷ’னில் ‘பிளிட்’டை ‘ட்ரூ’ ஆக்கினால், அப்டேட் ஃபங்ஷன் மாறிய ஆர்ட்டிஸ்ட்களின் வரிசையைத் திருப்பித் தர வேண்டும். ஒரே ஆர்ட்டிஸ்ட் என்றாலும் அதன் பின்னால் ஒரு காற்புள்ளி வேண்டும். திருப்பித் தராத எதுவும் புதுப்பிக்கப்படாது. அச்சுக்கு வெளியே இருக்கும் தலைப்பும் அப்படியே நிற்கும். நேரத்தைத் தலைப்பில் எழுதிவிட்டு, மணி ஏன் நகரவில்லை என்று பலர் தவிப்பதன் காரணம் இது. அந்த எழுத்தை அச்சின் சட்டத்துக்குள் கொண்டுவந்தால் சரியாகிவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணில் பட்ட பழுதுகள். படம் உறையும், புள்ளி வேறெங்கோ போகும், எப்படியும் பார்த்துவிடலாம். ஒரு பழுது மட்டும் பல வாரம் கண்ணில் படாமலே இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் கலக்கமாக இருக்கிறது.

நிலநடுக்கத்தின் அளவுக்கு ஏற்ப வட்டத்தின் பரப்பை வைத்திருந்தேன். தொடக்கத்தில் ‘ஸ்கேட்டர்’ அழைக்கும்போது இடங்களையும் பரப்புகளையும் சேர்த்துக் கொடுத்தேன். அப்புறம் நிமிடத்துக்கு ஒரு முறை ‘செட் ஆஃப்செட்ஸ்’ கொண்டு இடங்களை மாற்றினேன். பரப்பை மாற்றும் ‘செட் சைஸஸ்’ எழுத மறந்திருந்தேன். மேட்பிளாட்லிப் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புள்ளிகள் 60, பரப்புகள் 55 என்றால், 56-வது புள்ளிக்கு மறுபடி முதல் பரப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். அது பிழை இல்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள், நிறங்களும் அப்படித்தான்.

இதோடு தரவின் குணமும் சேர்ந்துகொண்டது. அந்தப் பட்டியலில் மிகப் புதிய நிலநடுக்கம் மேலே வரும். புதிதாக ஒன்று வந்தால் மற்ற எல்லாம் ஓர் இடம் கீழே இறங்கும். இடங்கள் இறங்கின, பரப்புகள் இறங்கவில்லை. ஒவ்வொரு வட்டமும் பக்கத்து நிலநடுக்கத்தின் பரப்பை அணிந்துகொண்டது. உதாரணத்துக்கு, 5.5 அளவுள்ள ஒன்றின் பெரிய வட்டம், 2.5 அளவுள்ள ஒரு சின்ன அதிர்வின்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அளவில் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு. மூன்று கூடினால் சுமார் 32 ஆயிரம் மடங்கு. மேப் அழகாக ஓடிக்கொண்டிருந்தது, வட்டங்கள் வந்துகொண்டே இருந்தன, சொன்னதெல்லாம் பொய். அதன் படத்தை நான் நண்பர்களுக்கு அனுப்பியுமிருந்தேன்.

பிடிபட்டது தற்செயலாகத்தான். ஒரு வட்டத்தைக் கிளிக் செய்தால் விவரம் வருகிற மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன். பெரிய வட்டத்தில் கிளிக் செய்தால் 1.8 என்று வந்தது. முதலில் கிளிக் செய்யும் பகுதியில்தான் பிழை என்று நினைத்து அதை நோண்டிக்கொண்டிருந்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

இப்போது இடம், பரப்பு, நிறம் மூன்றையும் ஒரே ஃபங்ஷன்தான் மாற்றுகிறது, அதுவும் ஒரே பட்டியலிலிருந்து. தனித்தனியாக மாற்ற வேறு வழியே நிரலில் இல்லை. மாற்றுவதற்கு முன் மூன்றின் நீளமும் சமம்தானா என்று ஓர் ‘அசெர்ட்’ பார்த்துக்கொள்கிறது. வரிசை எண்ணை நம்புவதையும் விட்டுவிட்டேன். பட்டியலில் ஒவ்வொரு நிலநடுக்கத்துக்கும் ஓர் அடையாள எண் உண்டு. எல்லாவற்றையும் அதை வைத்தே ‘டிக்ட்’டில் சேமிக்கிறேன். அளவு பின்னால் திருத்தப்படலாம், சில பதிவுகள் ஆய்வுக்குப் பின் நீக்கவும்படலாம். புதியதை மட்டும் சேர்த்துக்கொண்டே போனால் அந்தத் திருத்தம் எதுவும் மேப்புக்கு வராது.

அந்த இரவு மேப் ஏன் நின்றது என்று இன்னும் சொல்லவில்லை. தரவை எடுக்கும் வேலையைத் தனி த்ரெட்டில், அதாவது நிரலுக்குள் இணையாக ஓடும் தனி இழையில், வைத்திருந்தேன். அது சரியான ஏற்பாடுதான். இணையத்திலிருந்து பதில் வரத் தாமதமானால் விண்டோ உறையக் கூடாது அல்லவா. ‘ரிக்வெஸ்ட்ஸ்’ நூலகத்துக்கு ‘டைம்அவுட்’ சொல்லாவிட்டால் அது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கும். ஆனால் த்ரெட்டிலிருந்து நேராகப் படத்தைத் தொடக் கூடாது. விண்டோ சம்பந்தப்பட்ட எதையும் முதன்மை த்ரெட் மட்டுமே தொடலாம். மீறினால் சில நாள் ஓடும், சில நாள் காரணம் சொல்லாமல் விழும். எனவே எடுக்கும் த்ரெட் தரவை ஒரு ‘க்யூ’வில் போடும், வரையும் பகுதி அந்தக் க்யூவைப் பார்த்து, இருந்தால் எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் பழைய படத்தோடு காத்திருக்கும். பட்டியல் நிமிடத்துக்கு ஒரு முறைதான் மாறுகிறது என்பதால் எடுப்பதும் நிமிடத்துக்கு ஒரு முறைதான். வரைவது அதைவிட அடிக்கடி நடக்கலாம். இரண்டையும் ஒரே கடிகாரத்தில் கட்ட வேண்டியதில்லை.

இதில் ஒரு ஓட்டை இருந்தது. வட்டத்தின் பரப்பை எடுக்கும் த்ரெட்டிலேயே கணக்கிட்டேன். அந்தப் பட்டியலில் சில பதிவுகளுக்கு அளவு இன்னும் தீர்மானிக்கப்பட்டிருக்காது. அந்த இடத்தில் மதிப்பு இல்லை என்று பொருள்படும் ‘நல்’ (null) வரும். பைத்தானில் அது ‘நன்’ (None). எண்ணோடு ‘நன்’னைப் பெருக்க முடியாது. பிழை எழுந்தது, த்ரெட் செத்தது. டெர்மினலில் அந்தச் செய்தி வந்திருந்தது, வேறொரு விண்டோவுக்கு அடியில். வரையும் பகுதி காலியான க்யூவைப் பார்த்துப் பார்த்து, புதிதாக ஒன்றும் இல்லை என்று பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தது.

அதைத் திருத்தப் போனபோது அளவில் வேறொன்றும் கண்ணில் பட்டது. மிகச் சிறிய அதிர்வுகளுக்கு அளவு பூஜ்யத்துக்கும் கீழே, எதிர்மறையில் வரலாம். மடக்கை அளவை என்பதால் அது இயல்பு. ஆனால் எதிர்மறைப் பரப்பில் வட்டம் வரைய முடியாது. அந்தப் புள்ளிகள் காணாமல் போயிருந்தன. நேரத்திலும் ஒன்று: பட்டியல் நேரத்தை மில்லிவிநாடியில் கொடுக்கிறது. விநாடி என்று நினைத்து பைத்தானிடம் கொடுத்தால் ஆண்டு 50 ஆயிரத்தைத் தாண்டிப் போகும். பைத்தானின் தேதி 9999-க்கு மேல் போகாது, எனவே அங்கேயும் பிழை எழும். இது முதல் ஓட்டத்திலேயே கத்திவிடுவதால் ஆபத்தில்லை. அளவில் வரும் ‘நல்’ அப்படியில்லை. எப்போதாவது, நாம் பார்க்காத நேரத்தில் வரும்.

திருத்தியபோது ‘நல்’லுக்கு மட்டும் வழி செய்துவிட்டு நிறுத்தவில்லை. நாளை வேறு ஏதாவது வரும். எடுக்கும் த்ரெட்டின் லூப்பில் ‘டிரை’ போட்டு, பிழை வந்தால் அந்தப் பிழையையே க்யூவில் போடச் சொன்னேன். வரையும் பகுதி அதை எடுத்து மேப்பின் கீழ் ஓரத்தில் சிவப்பில் எழுதும். டெர்மினலைப் பார்க்க மறந்தாலும் மேப்பைப் பார்க்க மறக்க மாட்டேன்.

அதன் பக்கத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது: கடைசித் தரவு வந்து எத்தனை விநாடி ஆயிற்று என்ற எண். அது கணினியின் கடிகாரத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. தரவு வந்தாலும் வராவிட்டாலும் விநாடிக்கு ஒன்று கூடும். தரவு வந்ததும் பூஜ்யத்துக்குத் திரும்பும். பட்டியலில் புதிய நிலநடுக்கம் எதுவும் இல்லாவிட்டாலும், பட்டியலே வந்து சேர்ந்திருந்தால் அது பூஜ்யமாகும். எண் கூடாமல் நின்றால் வரையும் பகுதி செத்துவிட்டது. கூடிக்கொண்டே போய் 60-ஐ வெகுவாகத் தாண்டினால் எடுக்கும் பகுதி செத்துவிட்டது. 60-ஐ ஒட்டி ஏறி ஏறித் திரும்பிக்கொண்டிருந்தால் இரண்டும் உயிரோடு இருக்கின்றன. 180 தாண்டினால் எண் சிவப்பாகும். மேப்பின் வட்டங்கள் எல்லாம் சாம்பல் நிறத்துக்கு மாறும்.

நேற்று இரவும் மேப் திறந்திருந்தது. அரை மணி நேரம் ஒரு வட்டமும் கூடவில்லை. ஓரத்தில் எண் 58, 59, 60 என்று ஏறி, பூஜ்யமானது. மறுபடி ஏறியது. நான் வேறு வேலையைப் பார்க்கப் போனேன்.